ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாயில் ஒரு ஜிம்!

'கொடைக்கானல்ல உக்காந்துக்கிட்டு ஜிம்மா? கடைக்குப் போயி ஒரு பாக்கெட் பால் வாங்கிட்டு வந்தாலே எக்ஸர்ஸைஸ்தானேப்பா!'

வீட்டிலேயே 'வெயிட்' தூக்கப் போகிறேன் என்று நான் சொன்னதும், வத்தலக்குண்டு மாமா போனில் கேட்ட கேள்வி இது. கூடவே ஒரு சிரிப்பு வேறு. மாமா சிரித்தால் போனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடிக்க வேண்டும்.

மாமா சொன்னதில் பாதி உண்மை. எங்கள் ஊர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 7,000 அடி உயரம். ஏரியை ஒரு சுற்றுச் சுற்றினால் 5 கிலோமீட்டர். நாயுடுபுரம் பக்கம் சரிவில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து மெயின் ரோட்டுக்கு ஏற 46 படி. ஆகவே, கொடைக்கானல்காரனுக்குக் காலும் மூச்சும் கெட்டியாகத்தான் இருக்கும்.

ஆனால் கையும் தோளும் முதுகும்? நான் பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைக்கிறவன். ஒரு நாளில் நான் தூக்கும் அதிகபட்ச எடை, ஒரு பேனா. அதையும் பாதி நாள் தூக்குவதில்லை.

இந்த உண்மை எனக்குத் தெரிய வந்த விதம்தான் கொஞ்சம் கசப்பானது.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால், ஐப்பசி மழை. மூணு நாளாக வெயிலையே பார்க்கவில்லை. பின்பக்கப் படியில் பாசி. காலை ஏழு மணிக்கு 'தொப்' என்று ஒரு சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால், அம்மா கீழே கிடக்கிறார். அம்மாவுக்கு 68 வயது. எடை 62 கிலோ. வீட்டில் என்னைத் தவிர யாரும் இல்லை. பதற்றத்தில் அக்குளில் கை கொடுத்து ஒரே இழு. அம்மா நகரவில்லை. என் இடுப்பில்தான் 'களுக்' என்று ஏதோ நகர்ந்தது. மழையில் நனைந்துகொண்டு அம்மா கீழே, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நான் பக்கத்தில்!

அந்த நேரம் மேலே ரோட்டோரம் விறகுக் கட்டோடு போய்க்கொண்டிருந்த அக்கா ஒருவர் எட்டிப் பார்த்தார். எங்கள் தெருக் கோடியில் இருப்பவர். ஐம்பதைத் தாண்டியவர். தலைச்சுமையை அப்படியே படியில் சாய்த்து வைத்துவிட்டு இறங்கி வந்தார்.

'தம்பி, நீங்க கொஞ்சம் தள்ளிக்கங்க.'

உடனே தூக்கவில்லை. முதலில், 'அம்மா, எங்கன வலிக்குது? தலையில அடிபட்டுச்சா? காலை நீட்டி மடக்க முடியுதா?' என்று கேட்டார். அம்மா காலை ஆட்டிக் காட்டியதும், முதுகை வளைக்காமல் குந்தி உட்கார்ந்தார். அம்மாவைத் தன் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு காலை ஊன்றி எழுந்தார். அவ்வளவுதான். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அப்புறம் தன் விறகுக் கட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அந்தக் கட்டே முப்பது கிலோவுக்குக் குறையாது.

அம்மாவுக்கு சுளுக்கோடு போயிற்று. எனக்குத்தான் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. இடுப்பு வலி ஒரு காரணம். பெற்ற தாயைத் தூக்கி உட்கார வைக்க முடியாத முப்பத்தாறு வயசு மகன் என்பது மறு காரணம்.

மறுநாளே முடிவெடுத்தேன். டார்கெட்: 62 கிலோ!

முதல் முதலீடு, முழு நஷ்டம்

நான் பி.காம். படித்தவன். 'முதலீட்டுக்கு முன் யோசி' என்பது எங்களுக்கு முதல் பாடம். அதைத்தான் நான் செய்யவில்லை.

ஆவேசத்தில் 9,000 ரூபாய்க்கு, நின்ற இடத்திலேயே மிதிக்கும் சைக்கிள் மெஷின் ஒன்றைத் தவணையில் வாங்கிப் போட்டேன். பதினோரு நாள் மிதித்தேன். பன்னிரண்டாம் நாள் என் மனைவி அதன் ஹேண்டில்பாரில் ஈர ஸ்வெட்டரைக் காயப் போட்டார். கொடைக்கானலில் ஒரு ஸ்வெட்டர் காய நாலு நாள் ஆகும். ஸ்வெட்டர் காய்ந்ததும் மங்கி குல்லா. அது காய்ந்ததும் போர்வை. தவணை முடிவதற்குள் அது முழுநேரக் கொடிக்கம்பம் ஆகிவிட்டது.

இதில் ஒரு பாடம் உண்டு. எனக்குத் தேவைப்பட்டது தூக்கும் பலம். நான் வாங்கியதோ மிதிக்கும் மெஷின். நடப்பதற்கே 46 படி இருக்கிற ஊரில் யாராவது சைக்கிள் மெஷின் வாங்குவார்களா? 'எனக்கு எது இல்லை?' என்று கேட்டுக்கொண்டு வாங்க வேண்டும். 'எது பளபளப்பாக இருக்கிறது?' என்று பார்த்து வாங்கக் கூடாது.

மெஷினை 2,500 ரூபாய்க்குத் தள்ளிவிட்டேன். வீட்டு நிதியமைச்சர், 'இனிமே ஜிம்முக்குன்னு தனி பட்ஜெட் போட்டு, பில்லோட வந்தாத்தான் பணம்' என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

காயலான் கடைத் தங்கம்

எடை தூக்குவதில் ஒரு பெரிய சௌகரியம், இரும்புக்கு வயசே கிடையாது. பத்து கிலோ இரும்பு பத்து வருஷம் கழித்தும் பத்து கிலோதான். பழசு, புதுசு என்று உங்கள் தோளுக்குத் தெரியவே தெரியாது. எனவே, எடைத் தட்டுகளைப் புதிதாக வாங்குவது பணத்துக்குப் பிடித்த கேடு.

திண்டுக்கல்லில் காயலான் கடை காயலான் கடையாக ஏறி இறங்கினேன். மூன்றாவது கடையில், எப்போதோ மூடிப்போன உடற்பயிற்சிக் கூடத்தின் தட்டுகள் ஒரு மூலையில் துரு பிடித்துக் கிடந்தன. கடைக்காரர், 'எடைக்குத்தான் ஸார் கொடுப்பேன்' என்றார். எடைக் கற்களை எடைக்கு வாங்குவதுதானே நியாயம்! கிலோ 70 ரூபாய் என்று முடிந்தது. 10 கிலோ தட்டு ரெண்டு, 5 கிலோ ரெண்டு, இரண்டரை கிலோ நாலு. ஆக 40 கிலோ.

சின்னத் தட்டுகளை விட்டுவிடாதீர்கள். எல்லோரும் பெரிய தட்டாகப் பார்த்து அள்ளுவார்கள். ஆனால் முன்னேற்றம் என்பது இரண்டரை இரண்டரைக் கிலோவாகத்தான் வரும். ஹோட்டல் வைத்திருக்கிறவருக்குச் சில்லறை எவ்வளவு முக்கியமோ, அவ்வளவு முக்கியம் இது.

கம்பியில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. தண்ணீர்க் குழாயை வெட்டிக் கம்பியாக்கலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். உள்ளே பொள்ளலாக இருக்கும் குழாய், எடை ஏற ஏற வளையும். தலைக்கு மேல் தூக்கும்போது வளைந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. கெட்டியான 5 அடி ஸ்டீல் கம்பி ஒன்று, டம்பெல்லுக்குக் குட்டைக் கம்பி ரெண்டு, தட்டு நழுவாமல் இறுக்கும் பூட்டுகள். இவை மட்டும் கடையில் புதிதாக வாங்கினேன்.

வத்தலக்குண்டில் பஸ் ஏறினேன். ரெண்டு கோணிப்பையில் 40 கிலோ. கண்டக்டர் பையைக் காலால் நகர்த்திப் பார்த்தார். நகரவில்லை.

'உள்ள என்னண்ணே, அம்மிக்கல்லா?'

'இல்லண்ணே, இரும்பு. ஒடம்புக்கு... எக்ஸர்ஸைஸ் பண்ண...'

கண்டக்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். 'இரும்புக்கு லக்கேஜ் போட்டாச்சு. ஒடம்புக்கு அரை டிக்கெட்டே போதும் போலிருக்கே!'

பஸ்ஸே சிரித்தது. ஊத்து வரைக்கும் நான் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன்.

வரவு - செலவு

நிதியமைச்சரிடம் நான் தாக்கல் செய்த கணக்கு, உங்கள் பார்வைக்கும்:

பழைய இரும்புத் தட்டுகள், 40 கிலோ - ரூ. 2,800
கம்பிகள், பூட்டுகள் (புதிது) - ரூ. 1,100
மாட்டுக் கொட்டகை ரப்பர் விரிப்பு (பழசு) - ரூ. 800
மர பெஞ்ச், ஆசாரி கூலியுடன் - ரூ. 1,100
உப்புத்தாள், கம்பி பிரஷ், பெயின்ட் - ரூ. 350
சாக்கு, டேப், மணல் - ரூ. 100
லக்கேஜ், ஜீப் வாடகை - ரூ. 250
மொத்தம் - ரூ. 6,500

மாட்டுக் கொட்டகை விரிப்பா என்று மூக்கைச் சுளிக்காதீர்கள். பசு வழுக்கி விழாமல் இருக்கக் கறவை மாட்டுப் பண்ணைகளில் போடுகிறார்களே, கெட்டி ரப்பர், அதுதான். பசுவையே தாங்குகிறது, என்னைத் தாங்காதா? கீழே வைக்கும்போது தரையும் பெயராது, சத்தமும் வராது. 'ஜிம் விரிப்பு' என்று பெயர் மாறினால் விலையும் மாறிவிடும்.

மாதம் 1,000 ரூபாய் கட்டி ஜிம்முக்குப் போவதாக வைத்துக்கொண்டால், ஆறரை மாசத்தில் போட்ட பணம் திரும்பி வந்துவிடுகிறது. தேய்மானமும் கிடையாது. நாளைக்கே வேண்டாம் என்றாலும் இரும்பு எடைக்குப் போகும். இப்படி ஒரு சொத்தை என் பி.காம். புத்தகங்கள் எதிலும் நான் பார்த்ததில்லை.

பாட்டிலுக்குத் தடை, பக்கெட்டுக்கு இல்லை

'ஆறாயிரமும் இல்லையே ஸார்' என்கிறீர்களா? கவலை வேண்டாம். வீட்டையே சுற்றிப் பாருங்கள்.

'தண்ணீர் பாட்டிலை டம்பெல்லாக வைத்துக்கொள்ளுங்கள்' என்பது எல்லோரும் சொல்லும் யோசனை. எங்கள் ஊரில் அது செல்லாது. 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்குக் கொடைக்கானலில் தடை. தவிரவும், ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோதான். அதைத் தூக்கி என்ன ஆகப்போகிறது?

10 லிட்டர் பக்கெட்டில் காய்ந்த மணலை நிரப்பினால் ஏறத்தாழ 16 கிலோ. 5 லிட்டர் பெயின்ட் டப்பாவில் ஜல்லி, மணல், சிமென்ட் கலந்து ஊற்றினால் 12 கிலோ. ரெண்டு டப்பாவுக்கு நடுவே கம்பியை நட்டு இறுகவிட்டால், தாத்தா காலத்து 'பார்பெல்' ரெடி. 25 கிலோ அரிசிச் சாக்கில் 20 கிலோ மணலைக் கட்டி, வாயைத் தைத்து, மேலே இன்னொரு சாக்கு போட்டு டேப் சுற்றினால், கட்டிப்பிடித்துத் தூக்க அதைவிட நல்ல சாதனம் இல்லை. இரும்பு சமர்த்தாக நிற்கும். மணல் மூட்டை மனுஷனைப் போல நெளியும், சரியும். என் டார்கெட் அம்மா என்பதால், எனக்கு மூட்டைதான் முதல் குரு.

அப்புறம் கேஸ் சிலிண்டர். உள்ளே இருக்கும் கேஸ் 14.2 கிலோ. காலி சிலிண்டரும் ஏறத்தாழ அதே எடை. ஆகமொத்தம் 30 கிலோ. இதைப் பயிற்சிக்குப் பயன்படுத்தாதீர்கள். ஆனால் சிலிண்டர் வரும் நாளில் 46 படியில் அதை இறக்கிக் கொண்டு வருவதுதான் எனக்கு மாதாந்திரப் பரீட்சை!

இளவட்டக்கல் சொல்லும் ரகசியம்

எடை தூக்கும் கலையின் ரகசியம் ஒன்றே ஒன்றுதான். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டு.

மைலோ என்று ஒரு கிரேக்க மல்லன். கி.மு. 6ஆம் நூற்றாண்டுக்காரன். ஒரு கன்றுக்குட்டியைத் தினமும் தூக்கினானாம். கன்று வளர வளர அவன் பலமும் வளர்ந்ததாம். கதையை நம்புகிறீர்களோ இல்லையோ, தத்துவம் நூற்றுக்கு நூறு சரி. (கொடைக்கானலில் இதைப் பரீட்சித்துப் பார்க்க வேண்டாம். இங்கே காலையில் வாசலில் நிற்பது காட்டெருமை. வளர்ந்தது ஒரு டன் வரை இருக்கும். அதன் கன்றை நீங்கள் தூக்கினால், அதன் அம்மா உங்களைத் தூக்கும்.)

கிரேக்கம் வரை போவானேன்? நம் தென்மாவட்டக் கிராமங்களில் கிடக்கும் இளவட்டக்கல்லைப் பாருங்கள். 'கல்லைத் தூக்கினால்தான் பெண்' என்று இருந்த காலம் உண்டு. நெல்லை மாவட்டம் வடலிவிளையில் பொங்கலை ஒட்டி இளவட்டக்கல் தூக்கும் போட்டி வைக்கிறார்கள். பெண்களும் தூக்குகிறார்கள். அங்கே ஒரே கல்லை வைப்பதில்லை. பல எடைகளில் கற்களை வைக்கிறார்கள். சின்னதைத் தூக்கினவன் அடுத்ததுக்குப் போகிறான். ஜிம்மில் வரிசையாக டம்பெல் அடுக்கியிருப்பதும் இதேதான். நாம் பேரைத்தான் மாற்றிக்கொண்டோம்!

நம் கர்லாக்கட்டையும் அப்படித்தான். இந்தியாவில் இதைச் சுழற்றுவதைப் பார்த்த வெள்ளைக்காரர்கள் 19ஆம் நூற்றாண்டில் தங்கள் ஊருக்குக் கொண்டு போனார்கள். கட்டை சுழற்றுவது 1904, 1932 ஒலிம்பிக்ஸில் ஜிம்னாஸ்டிக்ஸ் போட்டிகளில் ஒன்றாகவே இருந்தது. நாமோ கட்டையைப் பரணில் போட்டுவிட்டோம்.

கொடைக்கானலே தோள்பலத்தில் உண்டான ஊர்தான். 1845இல் அமெரிக்க மிஷனரிகள் இங்கே வீடு கட்டிக் குடியேறியபோது மோட்டார் ரோடு ஏது? பெரியகுளம் பக்கத்து அடிவாரத்திலிருந்து துரைகளையும் துரைசானிகளையும் மூட்டை முடிச்சுகளையும் நம் ஆட்கள்தான் சுமந்து ஏற்றினார்கள். ஏறியவர்களின் பெயர்கள் சரித்திரத்தில் இருக்கின்றன. சுமந்தவர்களின் பெயர்கள் இல்லை.

ஐந்தே ஐந்து

நூறு வகைப் பயிற்சி வேண்டாம். ஐந்து போதும்.

ஒன்று, பஸ்கி. எடையைத் தோளிலோ நெஞ்சிலோ வைத்துக்கொண்டு உட்கார்ந்து எழுவது. இரண்டு, தரையில் இருக்கும் கம்பியை முதுகு வளையாமல் தொடை உயரத்துக்குத் தூக்கி நிற்பது. அன்றைக்கு அந்த அக்கா செய்தது கிட்டத்தட்ட இதுதான். மூன்று, தோளிலிருந்து தலைக்கு மேல் தூக்குவது. நான்கு, இடுப்பிலிருந்து முன்னால் சாய்ந்து எடையை வயிற்றுப் பக்கம் இழுப்பது. ஐந்து, தண்டால். அதற்குச் செலவு பூஜ்யம்.

வாரத்துக்கு மூன்று நாள், முக்கால் மணி நேரம். நடுவே ஒரு நாளாவது ஓய்வு. பத்துத் தடவை ஒழுங்காகத் தூக்க முடிகிற எடையில் ஆரம்பியுங்கள். அதுவே பன்னிரண்டு தடவை சுலபமாக வந்தால் இரண்டரை கிலோ கூட்டுங்கள். ஒரு சாதாரண நோட்டில் தேதி, எடை, எத்தனை தடவை என்று எழுதி வையுங்கள். கணக்கு எழுதாத கடையும், கணக்கு எழுதாத தேகப்பயிற்சியும் ஒன்றுதான். எங்கே போகிறது என்றே தெரியாது.

முதல் மாசத்திலேயே எடை மளமளவென்று ஏறும். கண்ணாடியில் பார்த்தால் உடம்பு அதேதான் இருக்கும். ஏமாற்றம் வேண்டாம். முதலில் கற்றுக்கொள்வது நரம்புகள். சதை அப்புறம்தான் வரும்.

சில எச்சரிக்கைகள். பெஞ்சில் படுத்துக்கொண்டு நெஞ்சுக்கு மேல் கம்பியைத் தூக்கும் பயிற்சியைத் தனியாக இருக்கும்போது செய்யாதீர்கள். கை ஓய்ந்தால் கம்பி கழுத்தில். ரெண்டு டம்பெல் வைத்துச் செய்யலாம். மூச்சை அடக்கித் தம் கட்டாதீர்கள். தூக்கும்போது விடுங்கள், இறக்கும்போது இழுங்கள். பிளட் பிரஷர், இதய நோய், குடலிறக்கம், முதுகு வலி உள்ளவர்கள் டாக்டரைக் கேட்ட பிறகே இரும்பைத் தொடுங்கள்.

மலைவாசிகளுக்கு ரெண்டு உபரி வார்த்தை. இங்கே காற்றழுத்தம் சமவெளியில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்றே அதிகம், அவ்வளவுதான். கீழேயிருந்து வந்த விருந்தாளியை முதல் நாளே தூக்கச் சொல்லாதீர்கள், மூச்சு வாங்கும். மார்கழிக் குளிரில், பத்து நிமிஷம் கை காலை வீசிச் சூடேற்றிக்கொள்ளாமல் தொட்டால் சுளுக்கு நிச்சயம். அடுத்தது துரு. மூடுபனி ஜன்னல் வழியே வந்து இரும்பை நக்கிவிட்டுப் போகும். மாசம் ஒரு முறை தேங்காயெண்ணெய்த் துணியால் ஒரு துடை. கம்பியில் கை பிடிக்கும் இடத்தில் மட்டும் எண்ணெய் ஆகாது, வழுக்கும்.

சாப்பாட்டுக்கு டப்பா டப்பாவாகப் பவுடர் வேண்டாம். ஒரு முட்டையில் 6 கிராம் புரதம். 100 கிராம் வேர்க்கடலையில் 25 கிராம். பாசிப்பயறு, கொண்டைக்கடலை, பால். எங்களுக்கு இருக்கவே இருக்கிறது, சந்தையில் மலை பட்டர் பீன்ஸ். வேகவைத்து, ரெண்டு பல் மலைப்பூண்டு தட்டிப் போட்டுத் தாளித்தால்... சரி, கட்டுரைக்கு வருகிறேன்.

'பொம்பளைங்களுக்கு எதுக்குங்க இது?'

இந்தக் கேள்வியை என் வீட்டில் கேட்டது ஆண் அல்ல, அம்மாவேதான். விழுந்து எழுந்த ஆறு மாசம் கழித்து, பரிசோதித்த டாக்டர், 'காலில் பலம் குறைகிறது. நாற்காலியில் உட்கார்ந்து எழுந்து பழகுங்கள்' என்று சொன்னார். 'இவனோட சேந்து நானும் கம்பி தூக்கணுமா?' என்று அம்மாவுக்குச் சிரிப்பு.

நான் பட்டியல் வாசித்தேன். 2000 சிட்னி ஒலிம்பிக்ஸில் வெண்கலம் வாங்கி, ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண் ஆன கர்ணம் மல்லேஸ்வரி, எடை தூக்கித்தான் வாங்கினார். டோக்கியோவில் 2021இல் 49 கிலோ பிரிவில் மொத்தம் 202 கிலோ தூக்கி வெள்ளி வாங்கிய மீராபாய் சானு, மணிப்பூர் கிராமத்தில் சிறுமியாக இருந்தபோது அண்ணனால் தூக்க முடியாத விறகுக் கட்டைத் தூக்கி வந்தவர். நம்ம வேலூர் சத்துவாச்சாரி சதீஷ் சிவலிங்கம் 2014, 2018 காமன்வெல்த் போட்டிகளில் தங்கம் வாங்கினாரே, அவருக்கு வழிகாட்டி எடை தூக்கும் வீரரான அப்பாதான். வீட்டில் ஒருத்தர் தூக்கினால் இன்னொருத்தருக்கும் தொற்றும்.

'அவங்கள்லாம் சின்னப் பிள்ளைங்கப்பா' என்றார் அம்மா.

அதற்கும் பதில் இருந்தது. 1990இல் பாஸ்டனில் மரியா ஃபியாடரோன் என்ற டாக்டரும் அவர் குழுவினரும், முதியோர் இல்லத்தில் இருந்த, தொண்ணூறு வயதை ஒட்டிய தளர்ந்த பத்துப் பேருக்கு எடைப் பயிற்சி கொடுத்தார்கள். எட்டே வாரம். முடித்த ஒன்பது பேரின் கால் பலம் சராசரியாக 174 சதவிகிதம் கூடியது. ரெண்டு பேர் ஊன்றுகோலையே விட்டுவிட்டார்கள். முப்பதைத் தாண்டினால் பத்து வருஷத்துக்கு 3 முதல் 8 சதவிகிதம் சதை கரைகிறது என்பார்கள். கரைந்ததைத் திரும்பச் சம்பாதிக்கலாம், தொண்ணூறிலும்! உலக சுகாதார நிறுவனம் எல்லாப் பெரியவர்களுக்கும் வாரத்தில் ரெண்டு நாளாவது தசைக்குப் பலம் தரும் பயிற்சி வேண்டும் என்கிறது. 65 வயசு தாண்டியவர்களுக்கு, விழாமல் இருக்க, மூன்று நாள் சமநிலைப் பயிற்சியும் பலப் பயிற்சியும் வேண்டும் என்கிறது.

அம்மா ஆரம்பித்தார். முதலில் கைப்பிடி உள்ள நாற்காலியில் ஐந்து தடவை உட்கார்ந்து எழுவது. ஒரு மாசத்தில் கைப்பிடியைத் தொடாமல் பத்து. அப்புறம் மடியில் ஒரு கிலோ உப்புப் பாக்கெட். அப்புறம் இரண்டு. 'உப்பு தூக்கிட்டீங்களா?' என்பதுதான் இப்போது எங்கள் வீட்டில் காலை வணக்கம்.

62 கிலோ

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்த விறகு அக்கா சந்தைக்குப் போகிற வழியில் அம்மாவைப் பார்க்க வந்தார். மூலையில் கம்பியைப் பார்த்ததும், 'இது என்னா தம்பி?' என்றார். தட்டெல்லாம் மாட்டி, கம்பியோடு சேர்த்து 46 கிலோ. நான் ஏழு மாசத்தில் எட்டிய எடை அது. பெருமையாகத் தூக்கிக் காட்டினேன்.

அக்கா முந்தானையைச் செருகிக்கொண்டார். குந்தினார். எழுந்தார். கம்பி கூடவே எழுந்தது. மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, 'இதுக்கா தம்பி ஆறாயிரம் ரூவா? எங்கூட ஒரு வாரம் வந்திருந்தா சும்மாவே தூக்கியிருக்கலாமே' என்றார்.

அம்மா சிரித்த சிரிப்பு மாமா சிரிப்பைத் தோற்கடித்தது. ஆனால் போகும்போது அக்கா மெல்லச் சொன்னதும் காதில் விழுந்தது. 'உங்களுக்கு இது ஆசைக்கு, தம்பி. எங்களுக்கு வயித்துக்கு. ராத்திரியானா கழுத்து விண்ணுவிண்ணுன்னு வலிக்கும்.' எங்களுக்கு ஓய்வு நாள் உண்டு, எடையைக் குறைத்துக்கொள்ள வழி உண்டு. அவருக்கு ரெண்டும் இல்லை. பயிற்சிக்கும் பாரத்துக்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

நிதியமைச்சரிடம் துணை பட்ஜெட் கேட்டு, 1,400 ரூபாய்க்கு இன்னும் 20 கிலோ வாங்கினேன். பதினாலாவது மாசம், ஒரு செவ்வாய்க்கிழமை, கம்பியோடு சேர்த்து 66 கிலோ தரையை விட்டு எழுந்தது. நோட்டில் சிவப்பு மையில் எழுதினேன். அம்மா எடையைவிட நாலு கிலோ அதிகம்!

விஷயத்தைச் சொல்லச் சமையல்கட்டுக்கு ஓடினேன். அம்மா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். அடுப்பில் பால் பொங்கி வந்தது. நான் குனிந்து, 'இருங்க, நான் தூக்கிவிடறேன்' என்று ரெண்டு கையையும் நீட்டினேன்.

'கையை எடுப்பா' என்றார் அம்மா. ஒரு காலை மடக்கினார், ஒரு கையைத் தொடையில் ஊன்றினார், எழுந்தார். போய் அடுப்பை அணைத்தார்.

62 கிலோ தூக்கக் கற்றுக்கொண்டவனுக்கு, இதுவரை அதைத் தூக்கும் அவசியம் வரவில்லை. போட்ட முதல் மொத்தம் 7,900 ரூபாய். பயன்படாத முதலீட்டை 'நஷ்டம்' என்றுதான் பி.காமில் சொல்லிக் கொடுத்தார்கள்.

இந்த ஒரு கணக்கில் மட்டும் அவர்கள் தப்பு.